நூற்று முப்பத்தாறு

வாஜா சட்டைப்பையில் அளவுநாடாவோடு வந்திருக்கிறான்.
நான் உதட்டுச் சாயத்தோடு.
ருஸ்தாவி கார்ச் சந்தையில் காற்று சும்மா அடிக்காது,
மணலோடு அடிக்கும்.
கால் மணி நேரத்தில் சாயம் சொரசொரத்துப்போய்
முத்தத்துக்கு லாயக்கில்லாத வாய் எனக்கு.

ஆயிரம் கார்கள். நெற்றியில் வெள்ளை எண்ணில் விலை.
அமெரிக்காவில் அடிபட்டுக் கப்பலேறி
கருங்கடல் துறைமுகத்தில் இறங்கி
இங்கே வந்து முகம் திருத்திக்கொண்டவை.
மூக்கு ஒன்றினுடையது, கன்னம் இன்னொன்றினுடையது.
விற்பவன் தரகன் மாதிரி கூடவே வருகிறான்:
இது குடிக்காது, இது சத்தம் போடாது,
இது மலையேறச் சொன்னால் முகம் சுளிக்காது.

பின்னால் மூன்று குழந்தை இருக்கைகள்
தோளோடு தோள் நிற்க வேண்டும். அதுதான் வாஜாவின் வேதம்.
தோர்னிகேக்கு ஒன்று, எலெனேக்கு ஒன்று,
உள்ளிருந்து என் விலாவை உதைக்கும்
பெயரில்லாத ஆளுக்கு ஒன்று.
நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
வீட்டில் சோபாவில் வரிசையாக அடுக்கி அளந்திருக்கிறான்.

அவனுக்குப் பிடித்தது ஒரு வெள்ளை வேன்.
குளிர்சாதனப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல.
இரண்டு பக்கமும் வழுக்கும் கதவு.
“ஏழு பேர் உட்காரலாம்” என்றான்.
“ஏழு பேரும் அழலாம்” என்றேன்.

என் பிழைப்பு கடைப்பலகை எழுதுவது.
வளைவு பிசகினால் எனக்குப் பல் கூசும்.
எங்கள் எழுத்தில் ஒன்றுக்கும் நேர்கோடு கிடையாது,
திராட்சைக் கொடி மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.
மூன்றாவது வரிசையில் அந்தப் பச்சை வேகன் நின்றது.
பழுக்காத ப்ளம் பழத்தின் பச்சை.
முன்கண்ணாடியில் தொடங்கி வால் விளக்கு வரை
தூரிகையைத் தூக்காமல் இழுத்த கூரை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாஜா என் முகத்தைப் பார்த்துவிட்டுப்
பெருமூச்சோடு நாடாவை உருவினான்.

நூற்று முப்பத்தாறு.

அழகுக்கு எப்போதும் இரண்டு சென்டிமீட்டர் கஞ்சத்தனம்.
“நெருக்கி வைக்கலாம் அம்மா, பிள்ளைகள் வளைந்துகொடுப்பார்கள்”
என்றான் விற்பவன். பிள்ளை பெறாதவன்.

வீம்புக்குப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
பெல்ட்டின் நாக்கைத் தேடி இடுக்கில் கைவிட்டால்
விரலில் வந்தது ஒரு கிரேயான்.
ஆரஞ்சு. பாதி. முனையில் பல் பதிந்திருந்தது.
கீழே இரண்டு, மேலே இரண்டு.

“இதில் யார் வந்தார்கள்?”

“காகிதத்தில் காரைப் பற்றித்தான் எழுதுவார்கள்,
ஆட்களைப் பற்றி எழுதமாட்டார்கள்.”
ஆனாலும் ஏலத்தின் படங்களைக் கைபேசியில் தள்ளித் தள்ளிக் காட்டினான்.
முன்பக்கம் கசக்கிய காகிதம்.
காற்றுப்பைகள் துவைக்கப்போடும் துணியாய்த் தொங்கின.
அடுத்த படம் பின்பக்கம்:
எதுவுமே நடக்காத ஓர் அறை.
அதில் மூன்று குழந்தை இருக்கைகள், ஒல்லி ரகம்,
பள்ளிக்கூடப் பெஞ்சுபோல நெருங்கி,
ஒன்றுகூடச் சாயாமல்.

வாஜா அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கினான்.
இன்னும் பெரிதாக்கினான்.
மற்றக் கையிலிருந்த நாடா பட்டென்று கூட்டுக்குள் ஓடியது.

அப்புறம் பேரம். அரை மணி நேரம்.
ஸ்டெப்னி இல்லையென்று முந்நூறு டாலர் குறைத்தான்,
ஒல்லி இருக்கைகள் வாங்கவேண்டுமென்று இன்னொரு நூறு.
விற்பவன் மூன்று முறை தன் தாயின் மேல் சத்தியம் செய்தான்.
கிரேயானை நான் எடுத்துக்கொள்ளவில்லை.
எடுத்த இடத்திலேயே சொருகினேன்.
அதுவும் ஓர் இருக்கைதான் என்று தோன்றியது.

இப்போது இரவு பதினொன்று. ஐந்தாம் மாடி.
வாஜா நான்காவது முறையாகப் பால்கனிக்குப் போகிறான்.
“பூட்டினேனா என்று பார்க்கிறேன்.”
பூட்டியதற்கு மினுக்கும் சிவப்புப் புள்ளி
என் தலையணையிலிருந்தே தெரிகிறது.