மறுமுனை

பத்திரிகைக்காரருக்கு ஒளி வேண்டும்,
கொஞ்சம் ஆன்மிகம், நிறைய நிறம்.
நான்கு மாதமாக எடுத்துத் தள்ளியிருக்கிறேன்:
குருத்வாராவின் செருப்பு டோக்கன், எண் நூற்றுப் பதினேழு,
அதை நீட்டும், மாவு காய்ந்த விரல்கள்,
பருப்பு அண்டாவுக்குள் இறங்கும் துடுப்பளவு கரண்டி,
எஃகு வளையம் உரசி உரசித்
தோல் தேய்ந்த ஒரு ஸ்டியரிங்.
கிரந்தி ஒருமுறை கேட்டார்:
"போட்டோவில் சத்தம் வருமா?"
வராது என்றேன்.
"அப்படியானால் கீர்த்தனை முடிந்ததும் எடு."
எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன.
நன்றாக வந்திருப்பதுதான் உறுத்துகிறது.
விமான நிலையச் சுவரில் மாட்டலாம்,
யாரும் நிற்கமாட்டார்கள்.

சயான் கோலிவாடா, பஞ்சாபி கேம்ப் பக்கம்,
மூன்றாம் மாடி. காலை ஐந்தே முக்கால்.
தண்ணீர் லாரி ஓட்டும் தர்லோசன் சிங்
"பக்டி கட்டறத எடுத்துக்கோ" என்றிருந்தார்.
அன்டாப் ஹில் தமிழ்,
லோடு இறக்கும் ஆட்களிடம் கற்றது;
மரியாதை விகுதி அதில் கிடையாது.

கதவைத் திறந்தபோது முடி இடுப்புவரை.
என் கை தானாகக் கேமராவுக்குப் போயிற்று.
"இது இல்ல," என்றார்.
கோபமில்லை. விற்பனைக்கு வைக்காத பொருளைக்
கடைக்காரர் சொல்வதுபோல.
மூடியைப் போட்டேன்.
சுவரைப் பார்த்து நின்று சீவி முடிந்தார்.
ஜன்னல் விளிம்பில் மரச்சீப்பு,
அதில் ஒரு நரை, ஒரு கறுப்பு.

பிறகு துணி.
கடல்நீலம் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்;
கிட்டத்தில், பள்ளிக்கூடத்து மைநீலம்.
ஆறு மீட்டர். அறையோ மூன்றரை.
மனைவி சயான் ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்,
வந்துசேர ஏழரை ஆகும்.
அதனால் தினமும் பாதியாக மடித்துக்
கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொள்வாராம்.
கைப்பிடி பிடிக்கும், இழுக்காது,
கோணலை நேராக்காது.
"நீ பிடி."

கேமராவை சோபாவில் வைத்தேன்.
துணி என்னை வெளியே கூட்டிப்போயிற்று,
வாசல் தாண்டி, பொதுநடை தாண்டி,
துருப்பிடித்த கிராதிவரை.
உள்ளே அவர், வெளியே நான்,
நடுவில் நீலம், விறைப்பாக.
"இழு. ஈரப் புடவை பிழியறியா? மெதுவா.
இன்னும். விட்டுடாத."
ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தோம்.
இன்னொரு முறை.
ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் உதடு அசைந்தது;
என் காதுக்கு வந்தது இரண்டே சொல்,
மீதி துணிக்கு.

பால் பாக்கெட்டோடு வந்த எதிர்வீட்டுச் செங்கமலம்
குனிந்து அடியில் நுழைந்து போனாள்.
பேப்பர் போடும் பையன் குனிந்தான்.
மாடிப்படி நாய்க்குக் குனியத் தேவையே இல்லை,
ஆனாலும் காதைத் தாழ்த்திக்கொண்டது.
எடுத்திருக்கவேண்டிய படங்களை எண்ணினேன்:
நான்கு, ஐந்து.
இரண்டு கையும் வேலையாய் இருந்தன.

கட்டினார். இடம், வலம், நெற்றியில் ஒரு கத்தரிப்பு,
பல்லிடுக்கில் இவ்வளவு நேரம் கடித்திருந்த முனையை
விடுவித்துச் செருகினார்.
கண்ணாடியில் ரசம் போன இடத்தில்
அவர் நெற்றி விழுந்ததால்
என்னைப் பார்த்துக் கேட்டார்: "சரியா?"
வலப்பக்கம் அரை விரல் ஏறியிருந்தது. சொன்னேன்.
இறக்கினார்.
நான்கு மாதத்தில் என் கண்ணை
அவர் நம்பியது அப்போதுதான்.

அன்றைக்கு கேமராவில் ஒரே ஒரு படம்.
நான் எடுத்ததில்லை. ஒன்பது வயது சிம்ரத்,
வாயெல்லாம் பற்பசை நுரை,
மூடியைக் கழற்றிவிட்டு சோபாவிலிருந்து எடுத்தது.
தரை சாய்கிறது. இரண்டு ஓரத்திலும்
முகம் வெட்டுப்பட்ட கைகள்,
ஒன்றில் எஃகு வளையம், ஒன்றில் என் கடிகாரம்.

"இதில் சீக்கியர் எங்கே?" என்று
பத்திரிகைக்காரர் திருப்பி அனுப்பினார்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
துணி மங்கல், கைகள் மங்கல்.
பின்னால், திருகாணிகளை எண்ணும் அளவுக்குத் தெளிவாக,
அன்று ஒருநாள் வேலையில்லாத
கதவுக் கைப்பிடி.