மூன்றாம் கை

ஆர்.சி.யில் என் பெயர் மூன்றாவது.
முதல் ஆள் தென்காசியில் யாரோ.
இரண்டாவது நவமணி சார்,
பாலிடெக்னிக்கில் கெமிஸ்ட்ரி.
சாவியை நீட்டும்போது ஒன்றே ஒன்று சொன்னார்:
“கழுவாதீங்க. துடைங்க.”
சொல்லாதது பின்னால் வந்தது.

வாங்கிய வாரம் முழுக்க அவரைத்தான் வாசித்தேன்.
பிரேக் லீவரில் இரண்டே விரலின் மழுக்கம்.
கண்ணாடி என்னைவிட நாலு விரல் குள்ளமானவருக்குத்
திருகி வைத்தது.
பின்சீட்டுக் கால்மிதியில்
இடது ரப்பர் மொட்டை,
வலது ரப்பர் நேற்றுக் கவர் பிரித்தது மாதிரி.
பல வருஷம் யாரோ
ஒரு பக்கமாகவே உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.
சேலை நுனி செயினில் சிக்காமல்
கையில் சுருட்டிப் பிடித்திருப்பாள்
என்பதுவரை போய்விட்டேன்.
பெயர் மட்டும் வைக்கவில்லை.
அவ்வளவு நாகரிகம் எனக்கு உண்டு.

எனக்கு வேலை காற்றாலையில்.
பணகுடிக்குத் தெற்கே, எண்பது மீட்டர் உயரத்தில்,
போல்ட் முறுக்குகிறவன்.
இறங்கி வந்தால் இதற்கும் முறுக்கணும்.
பின் சக்கர நட்டுக்கு எண்பத்தெட்டு,
செயினுக்கு இரண்டு விரல் தொய்வு.
அங்கே விட்டால் கம்பெனி மெமோ தரும்,
இங்கே விட்டால்
நாலுவழிச் சாலை தரும்.

ஆனியில் கணவாய் திறந்துகொள்ளும்.
ஆரல்வாய்மொழி வழியாக வருகிற காற்று,
எனக்குச் சம்பளம் போடுகிற அதே காற்று,
காவல்கிணறு தாண்டுமுன்னே
வண்டியின் விலாவில் தோளால் இடிக்கும்.
நேராகப் போகவேண்டுமென்றால்
மேற்கே சாய்ந்துதான் போகணும்.

நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தில் ஒரு ராத்திரி,
நாங்குநேரி டோலுக்கு அப்பால்,
மீட்டர் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது.
விளக்கு மஞ்சளாகி, சிவந்து,
பிறகு வெறும் இருட்டும் தவளையும்.
தள்ளினேன்.
நூற்று அறுபத்தேழு கிலோ.
களக்காட்டு ஏத்தன் ஏற்றிய வேன் ஒன்று
பக்கத்தில் வந்து நின்றது.
“வாழை தள்ளினா காசு வே.
வண்டியத் தள்ளி என்னத்துக்கு?”

குலைகளுக்கு நடுவே சருகு பரப்பிக் கிடத்தினோம்.
விடியுமுன் நயினார்குளம் மார்க்கெட்டில்
டார்ச் அடித்துப் பார்த்த தரகர்
“இது எந்தத் தோட்டத்துக் குலை?” என்றார்.

மேலப்பாளையம் செய்யது மசூது
பக்கத் தகட்டைக் கழற்றி
முதலில் மோந்து பார்த்தார்.
“ரெக்டிஃபையர் கருகிட்டு.
இந்த மாடலுக்கு இது பரம்பரைச் சீக்கு.
முன்னாலயும் ஒருக்க போயிருக்கு, பாரும்.
இந்த ஒட்டு கம்பெனி ஒட்டு இல்ல.
ஆனா நல்ல ஒட்டு.”

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வர
பன்னிரண்டு நாள்.
அஞ்சே முக்கால் பஸ்ஸில்
நின்றுகொண்டே வேலைக்குப் போனேன்.

பதினோராம் நாள் நவமணி சார் கூப்பிட்டார்.
“ஓடுதா?”
“இல்ல சார்.”
“ரெக்டிஃபையரா?” என்று அவரே கேட்டு
அவரே இருமினார்.
“சொல்லியிருக்கணும்.
சொன்னா நீங்க வாங்கமாட்டீங்க.”
பத்து நாளாக ஒரு வார்த்தை வைத்திருந்தேன் அவருக்கு,
நல்ல முற்றின திருநெல்வேலி வார்த்தை.
வாயில் வந்தது வேறு:
“பின்னால ஒரு பக்கமா உக்காந்து வந்தது யாரு சார்?”

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம்.
“யாருமில்லையே…
ஓ, அந்த ரப்பரா?
டிஸ்டில்டு வாட்டர் கேன்.
லேபுக்கு. வாரம் மூணு.
இடது பக்கம் கட்டினாத்தான்
சைலன்ஸர் சூடு படாது.”

புது ரெக்டிஃபையர் வந்தது. மாட்டியாயிற்று.
அவர் ஒட்டை மசூது பிரிக்கவில்லை,
நானும் பிரிக்கச் சொல்லவில்லை.
ரப்பரையும் மாற்றவில்லை.

சாயங்காலம் வடக்கே பாளையங்கோட்டைக்குத் திரும்பும்போது
மேற்கு என் இடது கைப்பக்கம்.
வள்ளியூர்வரை காற்று விடாது.
அந்தப் பக்கம் பின்னால்
கொஞ்சம் எடை இருந்தால் சரியாக இருக்கும்.

ஆளா, கேனா,
இன்னும் முடிவு பண்ணவில்லை.