சான்றாவணம் மூன்று

முத்திரை குத்தியது நான்தான்.
கூண்டில் ஏறியதும் முதலில் கேட்டது அதைத்தான்.
ஆமாம் என்றேன்.

பாம்பன் கிளை. வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி.
கச்சான் அடித்துக் கரண்ட் போய்
இன்வெர்ட்டர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
பாசிக் கம்பெனி ஏஜெண்ட் ரெமிஜியுஸ்
ரப்பர் பேண்ட் போட்ட கட்டோடு வந்தார்.
பதினோரு காசோலை. ஒன்பதாவது சீனியம்மாளுடையது,
எண்பத்து நாலாயிரத்து அறுநூறு,
ஒன்றரை வருஷத்துப் பாசிக் காசு.

இடது மூலையில் இரண்டு சாய்ந்த கோடு.
நடுவில், பெறுபவர் கணக்குக்கு மட்டும்.
பார்த்தீர்களா என்று கேட்டார்கள்.
பார்த்திருப்பேன்.
பாலத்தில் ரயிலில் தினம் போகிறவள்
கடலைப் பார்ப்பதுபோல.

புரட்டினேன். பின்பக்கம் கையெழுத்து,
மு. சீனியம்மாள்.
கடைசி ள்-க்கு ஒரு வால், ஊளி துள்ளினாற்போல.
ரெமிஜியுஸ் கணக்கில் வரவு வைத்தேன்.
திங்கள் கிளியரிங். புதன் பணம் எடுத்துவிட்டார்.
தூத்துக்குடி என்கிறார்கள், ஷார்ஜா என்கிறார்கள்.

எங்கள் வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார்:
குழாயில் தண்ணீர் போகிறமாதிரிதான், மேடம்,
குழாய் குடிக்குமா?
நல்லெண்ணத்தோடு, கவனக்குறைவு இல்லாமல்.
ரெண்டையும் சேர்த்துச் சொல்லணும்.
ஒன்று மட்டும் சொன்னால் கரையேற முடியாது.

எதிர்த்தரப்பு உம்முல் பரீதா, கீழக்கரைக்காரர்,
குரலை உயர்த்தவே இல்லை.
இதற்குத் தனதாக்கல் என்று பெயர், என்றார்.
திருட வேண்டியதில்லை, ஆசைப்படவும் வேண்டியதில்லை,
அடுத்தவர் பொருளை எடுத்து
ஆள் மாற்றிக் கொடுத்த கை போதும்.
மிதந்து வந்த வலை, அய்யா.
போயாவில் யார் பெயிண்ட் என்று பாராமல்
அதிலிருந்த நண்டை வாங்கி விற்றவன்
வலையை அறுத்தவன் இல்லைதான்.
நண்டுக்காரிக்குக் காசு உண்டா இல்லையா?

நீதிபதி எழுதிக்கொண்டார்.
வெளியே ஜெராக்ஸ் கடைக்காரன் யாரையோ வைதான்.

எனக்குச் சீனியம்மாளைத் தெரியும்.
அதை யாரும் கேட்கவில்லை.
இரண்டு வருஷம் முன்பு கணக்குத் தொடங்க வந்தாள்,
ஈர முந்தானை, கணுக்காலில் தகரத்தட்டு கட்டிய தழும்பு.
கட்டைவிரலை மெஷினில் வைத்தாள்.
ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள். ஏற்கவில்லை.
முயல் தீவுப் பாரில் மரிக்கொழுந்து பறித்துப் பறித்து
ரேகை தேய்ந்துபோயிருந்தது.
மூன்றாம் தடவைக்கு அப்புறம் நான்தான் சொன்னேன்,
இன்னொரு நாள் வாங்கம்மா.

அவளுடைய விரலை நம்பாத அதே கவுண்ட்டர்
வேறு யாரோ எழுதின அவள் பெயரை
ஒரே பார்வையில் நம்பியது.

போன வாய்தாவில் அவள் சாட்சி.
கதவு திறந்திருந்தது, நான் வராந்தாவில் நின்றேன்.
சான்றாவணம் மூன்றைப் பின்பக்கமாகக் காட்டி
இது உங்கள் கையெழுத்தா என்றார்கள்.
அந்தக் காகிதத்தை அவள் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்க.
அப்புறம், கொஞ்சம் மெதுவாக:
ஆனா பேரு அழகா இருக்கு.

முதல் வாக்கியம் பதிவானது.
இரண்டாவது வழக்குக்குத் தேவையில்லை என்றார் நீதிபதி.

இன்று என் முறை.
நல்லெண்ணம்?
ஆமாம்.
கவனக்குறைவு?

தட்டச்சர் கையைத் தூக்கிவைத்துக் காத்திருந்தார்.
எங்கள் வக்கீல் தலையை லேசாக இடம் வலம் ஆட்டினார்.
அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரணும்.
பரமக்குடியில் வீட்டு லோன் ஓடுகிறது.

அந்தப் பொம்பளைக்குக் கையெழுத்துத் தெரியாது
என்பது எனக்குத் தெரிந்திருக்கணும், அய்யா, என்றேன்.
தெரிந்துதான் இருந்தது.
முத்திரை குத்தும்போது ஞாபகம் வரவில்லை.

எங்கள் வக்கீல் பேனாவை மூடினார்.