மனு எண் பதினேழு

ஆடியில் முகூர்த்தம் இல்லை.
அதனால்தான் வெள்ளகோயிலில்
பாதி வாடகைக்கு மண்டபம் கிடைத்தது.
மேடையில் யாரோ ஒரு ஜோடியின் பெயர்கள்
தெர்மாகோலில் இன்னும் ஒட்டியிருந்தன.
அவற்றுக்குக் கீழே அமர்ந்தது சட்ட ஆணையம்:
ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு பேராசிரியை,
வரைவு எழுதும் வக்கீல்.
ஓரத்தில் சுருக்கெழுத்து நோட்டோடு நான்.

தலைவர் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார்:
"தீர்ப்புச் சொல்ல வரவில்லை.
யார் கிணற்றையும் யாருக்கும் எழுதித் தர முடியாது.
கேட்போம், எழுதுவோம், அரசிடம் கொடுப்போம்.
எடுப்பதும் விடுவதும் அவர்கள் பாடு."
பின்வரிசையில் ஒரு துண்டு உதறப்பட்டது.
நாலு பேர் டீக்கடைக்கு எழுந்து போனார்கள்.

துளசிமணி போகவில்லை.
பைக்குள் பை, அதற்குள் பத்திரம்.
வரிமேல் விரல் வைத்து வாசித்தார்:
நடுக்கிணற்றில் ஆறில் ஒரு பாகமும்
கவலை இறைத்துக்கொள்ள ஆறு நாளைக்கு ஒரு நாள் முறையும்
மாமூல் தடத்தில் ஆள் கால்நடை வண்டி
போகவர உள்ள பாத்தியமும்.

"ஏனுங்க, எருது பொழுதுக்கும் இறைச்சுதுங்க,
அன்னைக்கு நாள் கணக்கு சரிதானுங்க.
இப்ப த்ரீ பேஸ் கரண்டு ஒரு நாளைக்கு ஒம்பது மணிநேரம்,
ஒரு நாளைக்கு ரண்டு.
என்ற முறையன்னைக்கு லைன்ல வேலைன்னு நிறுத்திப்போட்டா
என்ற நாளு எங்கீங்க போச்சு?
கோர்ட்டுல கேட்டா சட்டத்துல நாள்னுதான இருக்குதுங்கறாங்க.
நாளை வெச்சுட்டு ஒரு கறிவேப்பிலச் செடியாச்சு நனைக்க முடியுமுங்களா?
மோட்டாரு ஓடற நேரத்தைப் பங்கு போடுங்க."

'ஏனுங்க'வுக்குச் சுருக்கெழுத்தில் கோடு இல்லை.
அன்று ஒன்று செய்துகொண்டேன்:
ஒரு கொக்கி, அதன் தலையில் புள்ளி.

பதினெட்டு, பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன்.
ஆயிரம் அடி போர் போட்டவர்.
"என்ற நெலம், அடியில இருக்கறதும் என்றதுதானுங்களே?
நாலு போட்டனுங்க. மூணுல புகைதான் வந்துச்சு."
அவரைத் துளசிமணி திரும்பிப் பார்க்கவில்லை.
அவர் உட்கார இடம் மட்டும் நகர்ந்து கொடுத்தார்.

பதினைந்து நாள் கழித்து அமைச்சரின் கடிதம்.
ஆழ்துளைக் கேள்வியைத்
தொடாமல் விடுவது உசிதம் என்று.
தலைவர் படித்தார், என்னிடம் நீட்டினார்:
"வந்த தேதி போட்டு வரிசை எண் கொடுங்கள்."
நாற்பத்தொன்று கொடுத்தேன்.
டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து பேசியவர்
முப்பத்தொன்பது.

பிறகு ஒரு மாதம், ஒரு சொல்லோடு.
'நாள் என்பதற்குப் பதிலாக
நீர் இறைக்கக்கூடிய நேரம்.'
கிணறு நிரம்பி வழியும் ஐப்பசியில்?
கேட்டவர் பேராசிரியை.
வக்கீல் பென்சிலைக் கடித்தார்.
ஒரு காற்புள்ளி மூன்று முறை இடம் மாறியது.

அறிக்கை போனது.
ஏழு ஆண்டு எந்த அலமாரியில் கிடந்ததோ,
ஒரு பிற்பகல், குரல் வாக்கெடுப்பில்,
நேரம் சட்டமானது.
ஆழ்துளைப் பிரிவைக் காணோம்.
வெட்டிய இடம் தெரியாமல்
எண்கள் ஒழுங்காக ஓடின.

அரசிதழின் அந்தப் பக்கத்தைப்
பதிவுத் தபாலில் துளசிமணிக்கு அனுப்பினேன்.
விதியில் இதற்கு இடமில்லை, தடையும் இல்லை.
ஒப்புகை அட்டை திரும்பி வந்தது,
கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில்:
மீதிப் பாதி எப்பங்க?

அட்டைக்கு வரிசை எண் போட்டேன்.
புதுக் கோப்பு, எண் ஒன்று.
வருகிற ஆடிக்கு மண்டபம் கேட்டு
இன்று எழுதியிருக்கிறேன்.