பிரிம்லி வீதிச் சரிவு

பதினொரு மணிக்கே கீழே இடமில்லை.
மஞ்சள் சட்டைக்காரர் கையை விரித்தார்:
ஒரு கார் வெளியே வந்தால் ஒரு கார் உள்ளே.
கால்களுக்குக் கணக்கில்லை.

குகதாசன் ஸ்டியரிங்கை விடவில்லை.
"நீங்கள் நடவுங்கோ, நான் வாறன்."
இறங்கினோம்,
நானும் லக்சிகாவும்
காற்று ஊதாத முதலையும்.

சரிவு முதுகில் கைவைத்துத் தள்ளியது.
செருப்பு நுனியில் பத்து விரலும் நெரிசல்.
நின்ற கார்களை ஒவ்வொன்றாய் முந்தினோம்;
ஒரு ஜன்னலில் நாய்
எங்கள் கால்களையே பார்த்தது.

திருப்பத்தில் மண்மலை,
பாதி கரைந்த கற்கண்டு.
அதன் கீழ் ஒன்ராறியோ ஏரி.
ஒரு வாய் குடித்துவிட்டு லக்சிகா கத்தினாள்:
"உப்பே இல்லை! சும்மா கடல் மாதிரி நடிக்குது!"

பசித்தபோதுதான் ஞாபகம் வந்தது,
ரோல்ஸ் காருக்குள்.
"இன்னும் ஏழு கார்தான்" என்றார் போனில்.
ஒரு மணித்தியாலம் கழித்து:
"ஆறு."

ஈரத்துணியோடு மேடேறினோம்.
ஏற்றம் இறக்கத்தைவிட நீளம், எப்படியோ.
தபால்பெட்டி அருகே, காலையில் நின்ற இடத்துக்குச்
சற்றுக் கீழே, எங்கள் கார்.
ரோல்ஸ் தட்டில் இரண்டு மிச்சம்.
அவர் நித்திரை.
ஜன்னலுக்கு வெளியே கிடந்த இடது கை மட்டும்
கடற்கரைக்குப் போய்வந்த நிறத்தில்.