கொள்முதல் ஏடு

தேதி, விற்றவர் பெயர், அடையாள அட்டை எண்,
பொருள், வரிசை எண், கொடுத்த தொகை, கையெழுத்து.
ஏழு கட்டம். ஏன் விற்றார் என்பதற்குக் கட்டம் இல்லை.

ஷார்ஜா தொழிற்பேட்டை பத்தில்
ஜர்வாலி கானின் பழைய சாமான் கடை.
"கடைக்காரன்கிட்ட வாங்கினா அவன் பில் தருவான்,
வீட்டுக்காரன்கிட்ட வாங்கினா நாமதான் பில்.
எழுதாத ஃபிரிட்ஜ் திருட்டு ஃபிரிட்ஜ்"
என்பார் உருதுவில். எழுத அவருக்கு வராது.
அதற்குத்தான் மாதம் ஆயிரத்தெண்ணூறு எனக்கு.

லிஃப்ட் ஓடாத கட்டடங்களில்தான்
வாஷிங்மெஷின் விற்பார்கள்.
ஏழாம் மாடி ஏறி, மூச்சு வாங்கி,
பொருளைக் கவிழ்த்து, டார்ச் அடித்து,
முதுகில் உள்ள எண்ணை ஒவ்வொன்றாய்ப் படிப்பேன்.
இது பூஜ்யமா, ஓ எழுத்தா என்பதில்
ஒரு மனிதன் மாட்டலாம், தப்பலாம்.

அல் நஹ்தாவில் ஓர் எகிப்திய வாத்தியார்
மீன்தொட்டி விற்றார், மூன்று மீன்களோடு.
தொட்டி எண்பது திர்ஹம். மீன்?
"சும்மா வைத்துக்கொள்."
சும்மா என்று இந்த ஏட்டில் ஒரு சொல் கிடையாது.
மீன் மூன்று, தலா ஒரு திர்ஹம் என்று போட்டேன்.
சில்லறையை வாங்கிக்கொண்டு
கையெழுத்திட அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

சஜ்ஜா கேம்ப்பில் ஒரு தையல் மெஷின்.
கொண்டுவந்தவன் பெயர் ஒன்று, மெஷின்காரன் பெயர் ஒன்று.
"அவன் போய்ட்டான்ணே, காசை வீட்டுக்கு அனுப்பணும்."
போய்ட்டான் என்றால் எங்கே?
கேட்கவில்லை.
அவன் அட்டை இல்லாமல் வாங்க முடியாது என்றேன்.
மெஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டு
வெயிலில் அவன் திரும்பிப் போனது
ஏட்டில் எங்கும் இல்லை.
வாங்காததை எழுதுவதில்லை.

அதற்குப் பிறகுதான் ஓரத்தில்
பென்சிலால், தமிழில், சின்னதாய்.
சோஃபா: விசா முடியும் நாள்வரை உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள்.
மிக்ஸி: மூடியில் இன்னும் மஞ்சள்.
ஏசி: பேரமே பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வரி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார்.
விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்து
மிச்சத்துக்கு மட்டும் வரி;
ஏடு ஒழுங்காக இருந்தால்தான் அந்தச் சலுகை.
கட்டம் கட்டமாய் நகர்ந்த விரல் ஓரத்தில் நின்றது.
"இது என்ன?"
"பொருளோட நிலைமை, சார்."
தலையாட்டிப் பக்கத்தைப் புரட்டினார்.

மார்ச்சில் எனக்குக் கடைவாய்ப் பல்.
வேர் வரை போய்விட்டது, அறுநூறு ஆகும் என்றார்கள்.
என் கேஸியோ கீபோர்டைக் கடைக்குத் தூக்கி வந்தேன்.
ஜர்வாலி கவிழ்த்துப் பார்த்தார்,
என்னையே டார்ச் அடிக்கச் சொன்னார்,
பிறகு கேட்டார்: "அட்டை காப்பி?"
ஆறு வருஷமாய் என்னோடு ரொட்டி பிய்த்துத் தின்கிற ஆள்.

வாங்கியதை எழுதியவன் நான். விற்றவர் பெயரும் நான்.
இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல் இருந்தால்
யாராவது கேட்பார்கள் என்று
விற்றவனுக்கு மட்டும் தமிழில் போட்டேன்.
முந்நூற்று நாற்பது.
ஓரத்தில் எழுத என்ன இருக்கிறது என்று
பென்சிலைக் கன்னத்தில் வைத்தேன், வலித்தது.
"பல்" என்று எழுதினேன்.

இப்போது அது அலமாரியில், ஐந்நூறு ஸ்டிக்கரோடு.
தூசு தட்டுவதும் நான்தான்.
நேற்று ஒரு பையன் ஒரே ஒரு கட்டையை அழுத்திவிட்டு,
"முன்னாடி வச்சிருந்தவர் இதை நல்லா பாத்துக்கிட்டாரா?" என்றான்.
ஏட்டைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.