உப்பனுக்குத் தாகம் எடுக்காது

இரவு பதினொன்று நாற்பது.
ஹமில்டன் மலைமேல் அப்பர் ஜேம்ஸ் வீதி.
எட்டுத் தொன் உப்போடு நான்,
முதுகுக்குப் பின்னால் சுழலும் தட்டு,
ரேடியோவில் துவாரகன்:
"படம் நல்லாத்தானே இருந்தது, தனுஜா?"

ஒரு இரவைக் கெடுக்க
நாலு சொல் போதும்.

அறுபத்தொரு இதழில், துவாரகன்,
உப்பன் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை.
ஆங்கிலத்தில் அவனுக்கு வேறு பெயர்,
எனக்கு அவன் உப்பன்.
சுரங்கம் இடிந்த இடத்தில்
உப்போடு உப்பாய் எழுந்தவன்.
மழை கண்டால் கடைவாசலில் ஒதுங்கி
ஊரைக் காப்பாற்ற வெயிலுக்குக் காத்திருப்பவன்.
அழவும் முடியாது, கன்னம் கரையும்.
அவனைப் போய்ப் பன்னிரண்டாவது நிமிடத்தில்
விளம்பரக்காரரின் சோடாவை
லேபல் தெரியப் பிடித்து
மடக் மடக்கென்று குடிக்க வைத்திருக்கிறார்கள்!

உப்புத் தின்றவன் தண்ணி குடிப்பான், சரி.
உப்பாகவே நிற்பவன்?

"அது சின்ன விசயம்."

கெனில்வேர்த் இறக்கத்தில்
பிரேக் பிடிக்காமல் போனால்
அதுவும் சின்ன விசயம்தான்.

நாயகனில் எனக்குக் கோபமில்லை.
தாடை நல்ல தாடை.
எட்டு மாதம் அவித்த கோழி தின்று
வயிற்றில் ஆறு வரப்புக் கட்டியிருக்கிறார், பாவம்.
ஆனால் வானம் இருட்டும்போது
அவருக்கு அண்ணாந்து பார்க்கத் தெரியவில்லை.
வாடகை பாக்கி வைத்தவன்
நிலக்கீழ் அறையில் படுத்துக்கொண்டு
மேலே வீட்டுக்காரரின் காலடியைக் கேட்பானே,
அப்படிப் பார்ப்பான் உப்பன்.

முழுப் படத்திலும் ஒரே ஒருவர்தான்
கதையை வாசித்தவர் மாதிரி இருந்தார்: அந்தப் பகிடிக்காரர்.
பஸ் சாரதி வேடம். இரண்டே காட்சி.
தூறலில் மாட்டிக்கொண்ட உப்பனுக்குக்
குடையை நீட்டுகிறார், தான் நனைகிறார்,
பிறகு கேட்கிறார்: "டிக்கெட் இருக்கா?"
கேட்பதற்கு முன் அரை நொடி நிற்கிறாரே,
அந்த அரை நொடிக்குத்தான்
என் பதினாறு டொலர் செரித்தது.

முகமூடியைச் சிரிப்பு நடிகரிடம் கொடுங்கள்,
இதுதான் என் கட்சி.
வழுக்கி விழுந்தே வயிறு வளர்த்தவருக்கு
எலும்பு எங்கே நோகும் என்று தெரியும்.
எப்போது நிறுத்துவது என்றும் தெரியும்.
சந்தி வருமுன் நான் தட்டை நிறுத்துகிறேன்,
ஒரு நொடி பிந்தினால்
ஆரோ ஒருவரின் புதுக் காரில் கல்லுப்பு மழை.
சண்டைப் பயிற்சியில் அது வராது.

முப்பத்துநாலாம் இதழ் நினைவிருக்கா?
ஒட்டாவா வீதியில், ஸ்லாவெக்கின் பெட்டியில்,
மூன்று டொலருக்கு எடுத்தேன்.
அட்டையில் முன்னையவரின் தக்காளி சோஸ்.
மைனஸ் பதினெட்டுக்குக் கீழே
உப்பு பனியை உருக்காது.
எங்கள் யார்டில் எல்லாருக்கும் தெரியும்,
உப்பனுக்கும் தெரியும்.
பனியில் புதைந்த கார், உள்ளே ஒரு மனுசி.
கையில் சக்தி இல்லை.
விடியும்வரை கண்ணாடியில் கைவைத்து நின்று
மட்டமான பகிடிகளாய்ச் சொல்கிறான்.
இருபத்திரண்டு பக்கம், ஒரு குத்து இல்லை.
கடைசிக் கட்டத்தில் அவள் வாய் திறக்கிறாள்:
"இதை முதலே சொல்லிட்டாய்."

படத்தில் அந்த இடத்தில்
ஹெலிகொப்டர்.

"காசு போட்டவன் ஹெலிகொப்டர்தானே கேட்பான்."
அதுவும் சரிதான்.
அதுதான் எரிச்சல்.

"நீ எத்தினை தரம் பார்த்தனி?"
மூன்று, என்றேன்.
மோஹாக் வீதி வரும்வரை
ரேடியோ சிரித்துக்கொண்டே வந்தது.

பெனல் சந்தி பஸ் தரிப்பில் ஒரு பொடியன்.
கடைசிக் காட்சி விட்டு வருகிறான் போல,
சாம்பல் உடுப்பு, தோளில் பசைபோட்டு ஒட்டிய
வெள்ளைக் கடதாசிப் பளிங்குகள்,
ஒன்றிரண்டு கழன்று தொங்கின.
முகமூடியை மூக்குவரை தூக்கிக்
கோப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

தட்டை நிறுத்தினேன்.
மெல்ல, மிக மெல்ல நெருங்கினேன்.
உப்பு லொறியின் மஞ்சள் வெளிச்சம் பட்டதும்
திடுக்கிட்டுக்
கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

வாசித்திருக்கிறான்.